எங்கே நின்றது?

புதிதாகப் பூட்டிய டெஸ்க்டாப் கணினி 'ஸ்டார்ட் ஆகவில்லை' என்பது ஒரு புகார்தான். அதற்குள் பல கோளாறுகள் அடங்கியிருக்கும். பொத்தானை அழுத்தினால் எந்தச் சலனமும் இல்லாமல் கிடப்பது ஒரு வகை. ஃபேன்கள் அரைச் சுற்று துள்ளிவிட்டு நின்றுபோவது இன்னொரு வகை. விளக்குகள் எரிந்து, ஃபேன்கள் எல்லாம் சுழன்றும் திரை மட்டும் கறுப்பாகவே இருப்பது மூன்றாவது. கடைகளில் 'டிஸ்ப்ளே வரலை' என்று அடிபடுவது இதுதான். பயாஸ் வரை வந்துவிட்டு, வட்டைக் காணவில்லை என்று நிற்பதும் உண்டு. விண்டோஸும் ஏறி, ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடி, கேமைத் திறந்ததும் பட்டென்று அணைந்து மறுபடி தொடங்குவதும் உண்டு. பழக்கமில்லாதவருக்கு இவை எல்லாமே 'கம்ப்யூட்டர் ரிப்பேர்'. கைதேர்ந்த டெக்னீஷியனுக்கோ, தான் எதுவரை வந்தேன் என்பதை ஒவ்வொரு முறையும் கணினியே சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்டறியும் திறமை, கணினி சார்ந்த கைவேலைகளில் மிகவும் ரசிக்கத் தகுந்தது.

கணினி விழிப்பதற்கு மாறாத வரிசை ஒன்று இருக்கிறது. அதன் முதல் பாதியை இன்டெல் 1995இல் வகுத்த ஏடிஎக்ஸ் தரம் தீர்மானிக்கிறது. ப்ளக்கைச் செருகி ஸ்விட்சைப் போட்டதுமே, முன்பொத்தானைத் தொடுவதற்கு முன்பாகவே, மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் தன் 24 பின் கனெக்டரின் 9ஆம் பின் வழியாக மதர்போர்டுக்கு 5 வோல்ட் கொடுத்துவிடும். இது காத்திருப்பு மின்சாரம். பொத்தானை அழுத்தினால் மதர்போர்டு 16ஆம் பின்னை கிரவுண்டுக்கு இழுக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அதுதான் 'எழுந்திரு' என்ற ஆணை. 12, 5, 3.3 வோல்ட் லைன்கள் உயிர்பெறுகின்றன. அவை நிலைப்பட்ட பிறகு, 100 முதல் 500 மில்லிவினாடிக்குள், 8ஆம் பின்னில் 'மின்சாரம் சரி' என்ற சைகை போகிறது. அதுவரை ரீசெட்டில் நிறுத்திவைக்கப்பட்டிருந்த பிராசஸர் அப்போதுதான் விடுபடுகிறது.

இரண்டாம் பாதி பயாஸின் பொறுப்பு. இன்டெல் பிராசஸர் தன் முதல் கட்டளையை 4 ஜிபி முகவரி எல்லைக்கு 16 பைட் கீழே, பயாஸ் சிப்பிலிருந்து படிக்கிறது. அந்தக் கணத்தில் அதற்கு ராம் என்று ஒன்று கிடையாது. ராமைத் தயார்செய்யும் நிரலையே ராம் இல்லாமல்தான் ஓட்டியாக வேண்டும். அதனால் தனக்குள் இருக்கும் கேஷைத் தற்காலிக ராமாக வைத்துக்கொள்கிறது. ஏஎம்டியின் ரைசன் பிராசஸர்களில் முக்கியக் கோர்கள் எழுவதற்கு முன்பே சிறிய துணைச் செயலி ஒன்று இந்த வேலையை முடித்துவிடும். ராம் தயாரானதும் கிராபிக்ஸ். பிறகு கீபோர்டு, வட்டு முதலானவை. கடைசியில் வட்டிலுள்ள இயங்குதளத்திடம் பொறுப்பு போய்ச் சேர்கிறது. பிழைச் செய்தியைத் திரையில் காட்ட வேண்டுமானால் கிராபிக்ஸ் எழுந்திருக்க வேண்டும். அதற்கு முன் நேரும் கோளாறு எதையும் கணினியால் எழுத்தில் சொல்ல முடியாது. இந்தக் கலையின் சிரமம், அழகு இரண்டும் அங்கேதான் இருக்கின்றன.

எனவே தேர்ந்த டெக்னீஷியன் 'எது கெட்டுப்போச்சு?' என்று தொடங்குவதில்லை, 'எங்கே நின்றது?' என்று பார்க்கிறார். நின்ற இடம் தெரிந்தால், அதற்கு முந்தைய படிகள் நடந்து முடிந்தன என்பது தானாகத் தெரிந்துவிடும். சந்தேகத்துக்குரியவை பாதியாகக் குறைந்துவிடும். புதுக் கணினியில் இந்தக் கேள்விக்கு மதிப்பு அதிகம். ஓடிக்கொண்டிருந்த பழைய கணினி நின்றுபோனால், கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்று கேட்டாலே பாதி விடை கிடைக்கும். புதுக் கணினி ஒருநாளும் ஓடியதில்லை. அதில் எந்தப் பாகமும் இன்னும் தன்னை நிரூபிக்கவில்லை. அதே சமயம் தூசி, துரு, உப்பிய கெபாசிட்டர் என்ற பழைய எதிரிகளும் அங்கே இல்லை. எஞ்சுவது பெரும்பாலும் பொருத்தியதில் உள்ள குறை: முழுதாக இறங்காத கனெக்டர், இடம் மாறிய ராம், மறந்துபோன கேபிள், பிராசஸரை அடையாளம் தெரியாத பயாஸ். வரும்போதே செத்துவந்த பாகமும் இருக்கத்தான் செய்யும். அதைக் கடைசியில் சந்தேகிப்பதே முறை.

எந்தச் சலனமும் இல்லாத கணினியில் முதலில் பார்க்க வேண்டியவை எளியவை: சுவர் ஸ்விட்ச், யுபிஎஸ், எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புற ஸ்விட்ச், பாதி மட்டும் இறங்கிய 24 பின் கனெக்டர். காத்திருப்பு மின்சாரம் வந்ததும் எரியும் சிறு விளக்கு பல மதர்போர்டுகளில் இருக்கும். அது எரிந்தால் மின்சாரம் போர்டு வரை வந்துவிட்டது. அடுத்த சந்தேகம் முன்பக்கப் பொத்தான். கேபினட்டிலிருந்து வரும் மெல்லிய ஒயர்கள் மதர்போர்டின் கீழ்மூலையிலுள்ள குட்டிப் பின்களில் ஏற வேண்டும். புதிதாகப் பூட்டுபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. எல்இடிக்கு நேர், எதிர் பார்த்துச் செருக வேண்டும்; பவர் ஸ்விட்சுக்கு அந்தக் கவலை இல்லை, எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் வேலை செய்யும். ஆனால் ஒரு பின் தள்ளிப் போய்விட்டால் கணினி அசையாது. அனுபவசாலி அந்த ஒயர்களை ஒவ்வொன்றாக நோண்டிக்கொண்டிருக்க மாட்டார். எல்லாவற்றையும் உருவிவிட்டு, மதர்போர்டு புத்தகத்தில் பவர் ஸ்விட்ச் பின்கள் எவை என்று பார்த்து, ஸ்க்ரூடிரைவர் முனையால் அந்த இரண்டையும் ஒரு கணம் சேர்த்துத் தொடுவார். பொத்தான் செய்கிற வேலையும் அவ்வளவுதான். ஃபேன் சுழன்றுவிட்டால், குறை பொத்தானிலோ அதன் ஒயரிலோ என்பது அந்த ஒரு தொடுகையில் முடிவாகிவிடும். சோதனை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்: செலவில்லை, சேதமில்லை, விடையில் ஐயமும் இல்லை.

தொட்டும் அசையாவிட்டால் விசாரணை எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் போகிறது. ஸ்விட்சை அணைத்து, எல்லாப் பாகங்களிலிருந்தும் அதைப் பிரித்து, 24 பின் கனெக்டரில் 16ஆம் பின்னையும் பக்கத்து கிரவுண்டு பின்னையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்துவிட்டு மின்சாரம் கொடுத்தால், மதர்போர்டு இல்லாமலே அது இயங்க வேண்டும். முன்பெல்லாம் பச்சைக் கம்பி, கறுப்புக் கம்பி என்று சொன்னால் போதும். இப்போது எல்லாக் கம்பியும் கறுப்பாகவே வருவதால் பின்களை எண்ணித்தான் ஆக வேண்டும். ஃபேன் சுற்றவில்லை என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. சுமை குறைவாக இருக்கும்போது ஃபேனை நிறுத்தியே வைக்கும் மாடல்கள் நிறைய உண்டு. மல்டிமீட்டர்தான் நம்பத் தகுந்த சாட்சி. 12 வோல்ட் லைன் 11.4க்கும் 12.6க்கும் இடையில், 5 வோல்ட் லைன் 4.75க்கும் 5.25க்கும் இடையில் இருக்க வேண்டும். அந்தச் சாட்சியமும் சுமையில்லாமல் எழுகிறது என்பது வரைதான் செல்லும். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து இழுக்கும்போது தாங்குமா என்பது தனிக் கேள்வி. எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறப்பது மட்டும் ஒருபோதும் கூடாது. உள்ளே போகும் 230 வோல்ட், நேர்மின்சாரமாகி 300 வோல்ட்டுக்கு மேல் கெபாசிட்டரில் தங்கியிருக்கும். ப்ளக்கை உருவிய பிறகும் அது உடனே வடிந்துவிடாது.

ஃபேன் துள்ளிவிட்டு நிற்பது முற்றிலும் வேறு சேதி. எஸ்எம்பிஎஸ் எழுந்தது, எங்கோ ஷார்ட் இருப்பதைக் கண்டது, தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. ப்ளக்கை உருவிச் சற்றுப் பொறுத்து மறுபடி செருகும்வரை பொத்தானுக்கு அது மசியாமல் கிடந்தால், அந்தப் பிடிவாதமே ஒரு தடயம். புதுக் கணினியில் ஷார்ட்டுக்குப் பேர்போன காரணம், மதர்போர்டை உலோகத் தட்டிலிருந்து தூக்கிப் பிடிக்கும் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப்கள். முழு ஏடிஎக்ஸ் போர்டுக்கான இடங்களில் அவை திருகப்பட்டிருக்க, அதன்மேல் மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டை வைத்தால், ஏதாவதொரு பித்தளைத் தண்டு துளையில்லாத இடத்தில் போர்டின் அடிப்புற ஈயப்பற்றைத் தொட்டுக்கொண்டு நிற்கும். பின்புறத் தகட்டின் நாக்கு லேன் துவாரத்துக்குள் மடிந்திருந்தாலும், கைதவறி விழுந்த ஸ்க்ரூ போர்டுக்கு அடியில் தங்கியிருந்தாலும் இதே கதைதான்.

இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியது, மதர்போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, பிராசஸர், கூலர், ஒரே ஒரு ராம், எஸ்எம்பிஎஸ் ஆகியவற்றோடு மட்டும் ஓட்டிப் பார்ப்பது. போர்டு சுற்றி வந்த வெள்ளி நிறப் பையை அடியில் விரிக்கக் கூடாது. அதன் வெளிப்புறம் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. மேசையில் ஓடி, கேபினட்டில் ஓடாவிட்டால், குற்றம் கேபினட்டில். மேசையிலும் ஓடாவிட்டால், மதர்போர்டையும் சேர்த்து மிஞ்சியிருப்பவை ஐந்தே பாகங்கள். பதற்றத்தில் இருப்பவர் புதுக் கார்டு, புது கேபிள் என்று மேலும் மேலும் சேர்த்துப் பார்ப்பார். கழித்துப் பார்க்கத் துணிபவரின் வேலை பார்க்கவே நிறைவாக இருக்கும்; பிரமாதமாகக் கட்டி அலங்கரித்த கேபிள்களை அவிழ்த்துப்போட மனம் வருவது சாதாரணமல்ல.

கேபினட்டைத் தொட்டால் சுரீரென்று இழுப்பது இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் இன்னொரு விஷயம். அது ஷார்ட்டே அல்ல. எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலிலுள்ள வடிகட்டிக் கெபாசிட்டர்கள் கேபினட்டை லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் பிணைத்து வைத்திருக்கின்றன. எர்த் இருந்தால் அந்தச் சொற்ப மின்சாரம் அதன் வழியே போய்விடும். மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இல்லாத ப்ளக் பாயின்ட்டாக இருந்தால், உலோகப் பெட்டி ஏறக்குறைய பாதி மின்னழுத்தத்தில் நிற்கும். இதைச் சரிசெய்ய வேண்டியவர் எலக்ட்ரீஷியன்.

ஃபேன் சுற்றியும் டிஸ்ப்ளே வராத கணினிதான் இந்தக் கலையின் பெரிய களம். இங்கே முதலில் களைய வேண்டியது, மின்சாரம் வந்ததால் எல்லாம் சரி என்ற நம்பிக்கையை. ஃபேன்களுக்கும் வண்ண விளக்குகளுக்கும் மின்சாரம் 24 பின் கனெக்டரிலிருந்தே போய்விடும். பிராசஸருக்கோ போர்டின் மேல்மூலையில் 8 பின் கனெக்டர் தனியாக உண்டு. அதைச் செருக மறந்துவிட்டால் கணினி திருவிழாக் கோலத்தில் மின்னிக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருக்கும். கிராபிக்ஸ் கார்டுக்கும் 8 பின் கேபிள் உண்டு என்பதால் குழப்பம் கூடுகிறது. இரண்டிலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறி இருக்கும், பிளாஸ்டிக் வடிவமும் வேறு. இறங்க மறுக்கும் கனெக்டரை அழுத்தி இறக்குவது ஆபத்து. அதைவிடப் பெரிய ஆபத்து, ஒரு கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸின் கழற்றும் கேபிளை வேறு கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டுவது. பாகங்கள் பக்கம் உள்ள முனைக்குத்தான் பொதுத் தரம் உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கம் உள்ள முனை அவரவர் இஷ்டம். கச்சிதமாகப் பொருந்தும், வட்டைப் பொசுக்கிவிடும்.

அடுத்தது மானிட்டர் கேபிள். கிராபிக்ஸ் கார்டு போட்ட கணினியில் கேபிளை மதர்போர்டின் ஹெச்டிஎம்ஐயில் செருகிவிட்டுக் காத்திருப்பவர்கள் ஏராளம். எஃப் என்ற எழுத்தில் முடியும் இன்டெல் பிராசஸர்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. 7000 வரிசைக்கு முந்தைய ரைசன்களில் ஜி வகை தவிர மற்றவற்றில் இல்லை. அவற்றில் மதர்போர்டின் துவாரம் வெறும் துவாரம்தான்.

இவை இரண்டும் சரியென்றால், போர்டு ஏதாவது சைகை தருகிறதா என்று கவனிக்க வேண்டும். ஐபிஎம் 1981இல் வெளியிட்ட முதல் பிசி, சோதனை முடிந்ததும் ஒரு குறுகிய 'பீப்' கொடுத்தது. கோளாறென்றால் பீப்களின் எண்ணிக்கையும் நீளமும் மாறும். ஒரு நீள பீப்பும் இரண்டு குறுகிய பீப்பும் வந்தால் கிராபிக்ஸில் கோளாறு என்பது அவார்டு பயாஸில் பழகிய காதுகளுக்கு இன்றும் நினைவிருக்கும். இன்றைய கேபினட்களில் அந்தச் சின்ன ஸ்பீக்கர் பெரும்பாலும் வருவதில்லை. தனியாக வாங்கிச் செருகினால் பல போர்டுகள் இன்னமும் பேசும். விலை உயர்ந்த போர்டுகளில் இரண்டிலக்க எண்காட்டி இருக்கும். தன் முன்னேற்றத்தைக் கணினி 80 என்ற போர்ட்டுக்கு ஒவ்வொரு படியிலும் எழுதிவைக்கும் பழக்கம் ஐபிஎம் ஏடி காலத்தது, அதாவது 1984. அதே குறியீடுகள்தான் இந்த எண்காட்டியில் ஓடுகின்றன. ஏஎம்ஐ பயாஸில் 55 என்றால் ராம் இல்லை, டி6 என்றால் படம் காட்டக் கருவி எதுவும் அகப்படவில்லை. நடுத்தர விலைப் போர்டுகளில் இதற்குப் பதில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு விளக்குகள். ஒவ்வொன்றாக எரிந்து அணைய வேண்டும்; எது அணையாமல் நிற்கிறதோ அதுவே கணினி நின்ற இடம். ஒரு பிராசஸர் வாங்கும் செலவோடு ஒப்பிட்டால், இந்த நாலு விளக்கு உள்ள போர்டுக்குச் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவே இல்லை.

அணையாமல் நிற்பது டிராம் விளக்கு என்றால் கை ராமுக்குப் போகும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ராம் என்றால், பிராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவது, நான்காவது இடங்களே சரி. பெரும்பாலான போர்டுகளில் மின்தடம் முதல் ஸ்லாட்டைத் தொட்டுவிட்டு இரண்டாவதில் முடிகிறது. ராமை முதல் ஸ்லாட்டில் போட்டால், அதைத் தாண்டிப் போகும் தடம் முனையில்லாமல் தொங்கி, சிக்னலை எதிரொலித்துத் திருப்பி அனுப்பும். வேகம் கூடக் கூட இந்த எதிரொலி பெரிய இடைஞ்சல். இரண்டு ராமோடும் எழாவிட்டால் ஒன்றை மட்டும் இரண்டாவது ஸ்லாட்டில் போட்டுப் பார்க்க வேண்டும். பிறகு மற்றதை அதே ஸ்லாட்டில். ராமை இறக்குவதிலும் ஒரு கைப்பதம் உண்டு. பல போர்டுகளில் பூட்டு ஒரு முனையில்தான். பூட்டில்லாத முனை சற்றுத் தூக்கி நின்றாலும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. இரு கட்டைவிரல்களையும் இரு முனைகளில் வைத்து நேர்கீழாக அழுத்தும்போது, போர்டு லேசாக வளைந்து கொடுத்து, 'டக்' என்ற சத்தம் வர வேண்டும். அழுத்தத் தயங்குகிற கைதான் இங்கே தோற்கிறது.

நம் ஊர் சர்வீஸ் கடைகளில் ராமின் தங்கப்பட்டைகளை அழிரப்பரால் தேய்த்துவிட்டுப் போடும் பழக்கம் பரவலானது. அழுக்கேறிய பழைய ராமுக்கு அது சரி. பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த ராமுக்குத் தேவையில்லை. அங்கே பலன் தந்தது ரப்பராக இருக்காது, கழற்றி ஒழுங்காக மறுபடி இறக்கியதாகவே இருக்கும்.

பொறுமையும் இங்கே ஒரு கருவி. ராமுக்கான தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பு 2020இல் டிடிஆர்5 தரத்தை வெளியிட்டது. அதை மட்டுமே ஏற்கும் ஏஎம்டியின் ஏஎம்5 போர்டுகள் 2022 செப்டம்பரில் வந்தன. இவற்றில் முதல் முறை எழும்போது பிராசஸரும் ராமும் ஒவ்வொரு தடத்திலும் சிக்னல் வந்துசேரும் நேரத்தைச் சோதித்துச் சோதித்துத் தம்மைச் சரிப்படுத்திக்கொள்ள வேண்டும். ராமின் அளவைப் பொறுத்து இதற்குப் பல நிமிடங்கள் ஆகலாம்; அவ்வளவு நேரமும் திரை கறுப்புதான். கோளாறு என்று நினைத்து நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. ராம் ஸ்லாட்டின் மேல் இதை எச்சரிக்கும் ஸ்டிக்கரை ஒட்டியே வெளிவந்த போர்டுகளும் உண்டு.

சிபியு விளக்கு நின்றால் சாக்கெட்டைத் திறந்துதான் ஆக வேண்டும். இன்டெல்லின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் 1700 பின்கள், ஏஎம்5இல் 1718. முடியளவு மெல்லியவை, போர்டிலேயே இருப்பவை. நேரே மேலிருந்து பார்த்தால் வளைந்த பின் தெரியாது. செல்போன் டார்ச்சைத் தாழ்வாகப் பிடித்துச் சாய்வாக ஒளி விழச் செய்தால், ஒழுங்காக நிற்கும் பின்களின் முனைகள் ஒரே கோட்டில் மின்னும். சாய்ந்த ஒன்று மட்டும் அந்தக் கோட்டை உடைக்கும். பழைய ஏஎம்4இல் நிலைமை தலைகீழ்: 1331 பின்களும் பிராசஸரின் அடியில். கூலரை நேரே தூக்கினால், தெர்மல் பேஸ்ட் ஒட்டிக்கொண்டு பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். இடமும் வலமுமாக மெல்லத் திருகி, ஒட்டு விட்ட பிறகே தூக்க வேண்டும்.

கூலரைப் பூட்டும் அழுத்தம் ராமைப் பாதிக்கும் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். ஆனால் ராமுக்கான தடங்களும் இந்தச் சாக்கெட் பின்கள் வழியாகத்தான் போகின்றன. ஒரு மூலை ஸ்க்ரூவை மட்டும் இறுக முடுக்கினால், மறுமூலையில் பிராசஸர் நூலிழை எழும்பி, சில பின்கள் தொடாமல் போய்விடும். இரண்டு ராம் போட்டும் ஒன்றை மட்டுமே காட்டும் கணினி இப்படி உருவாகிறது. கார் சக்கரத்தின் நட்டுகளைப் போல எதிரெதிர் மூலைகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினால், புது ராம் வாங்காமலே காணாமல்போன ராம் திரும்பி வந்துவிடும். இந்தத் தொழிலில் இதைவிட மகிழ்ச்சி தரும் கண்டுபிடிப்பு குறைவு.

பின்களும் சரி, மின்சாரமும் சரி என்றால், பயாஸ் பழையதாக இருக்கலாம். போர்டு தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு வெளியான பிராசஸரை அதன் பயாஸுக்குத் தெரியாது. 2018 பிப்ரவரியில் ரைசன் 2200ஜி, 2400ஜி வந்தபோது கடைகளில் இருந்த போர்டுகள் பல அவற்றை அறியாமல் இருந்தன. பயாஸைப் புதுப்பிக்க ஓடும் கணினி வேண்டும். கணினி ஓடப் புதுப்பித்த பயாஸ் வேண்டும். இந்தச் சிக்கலை அவிழ்க்க, வாங்கியவர்களுக்கு ஏஎம்டி பழைய பிராசஸர் ஒன்றை இரவல் கொடுத்தது. இன்று பல போர்டுகளில் பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் இருக்கிறது: எஃப்ஏடி32 வடிவிலுள்ள பென் டிரைவில் சரியான பெயரிட்ட பயாஸ் கோப்பை வைத்து, அதற்கென்று குறித்த யுஎஸ்பி துவாரத்தில் செருகி அழுத்தினால், பிராசஸரே இல்லாமல் போர்டு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்.

அமைப்புகளைப் பழையபடி ஆக்கும் சிமாஸ் கிளியர் புதுக் கணினியிலும் பயன்படும். ராமின் வேகத்தை உயர்த்திய பிறகு எழ மறுக்கும் கணினிக்கு அதுவே முதல் மருந்து. ப்ளக்கை உருவி, 2032 பேட்டரியைக் கழற்றி, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்து, சில நிமிடங்கள் கழித்துப் போட்டால் போதும்.

சென்னை ரிச்சி தெருவில் வேலை பார்க்கும் டெக்னீஷியனுக்கு ஒரு பெரிய அனுகூலம், கைக்கெட்டும் இடத்தில் ஓடுகிற ராம், ஓடுகிற எஸ்எம்பிஎஸ், பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்று எல்லாம் தயாராக இருப்பது. சந்தேகப்படும் பாகத்தின் இடத்தில் நம்பகமான பாகத்தைப் போட்டதும் விடை வந்துவிடுகிறது. வீட்டில் பூட்டுபவருக்கு அது இல்லை. தர்க்கத்தால் ஈடுகட்ட வேண்டும். அதற்கு ஒரே கட்டுப்பாடு போதும்: ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம், அதன் விளைவைத் தாளில் குறித்துக்கொள்வது. ராமை மாற்றி, சிமாஸை அழித்து, கேபிளையும் மாற்றிய பிறகு கணினி எழுந்துவிட்டால், மகிழ்ச்சி வரும், காரணம் தெரியாது. காரணம் தெரியாமல் ஓடுவது காரணம் தெரியாமல் மறுபடி நிற்கும்.

திரை வந்துவிட்டால் மீதி வேலை எளிது, கணினி எழுத்தில் பேசத் தொடங்கிவிடுகிறது. வட்டு இல்லை என்று புதுக் கணினி சொல்வது பல சமயம் கோளாறே அல்ல. காலியான எஸ்எஸ்டியில் ஏறுவதற்கு இயங்குதளம் இன்னும் இல்லை. பயாஸிலேயே எஸ்எஸ்டி தெரியவில்லை என்றால் இரண்டைப் பார்க்க வேண்டும். எம்.2 வடிவில் சாட்டா வகை, என்விஎம்இ வகை இரண்டும் உண்டு. எல்லா ஸ்லாட்டும் இரண்டையும் ஏற்காது. சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் ஒன்றைப் போட்டால் குறிப்பிட்ட சாட்டா துவாரம் அணைந்துவிடும்; பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போவதற்கு அதுவே காரணம். பயாஸில் தெரிந்தும் விண்டோஸ் நிறுவும்போது தெரியாவிட்டால், இன்டெல் போர்டில் விஎம்டி என்ற அமைப்பு இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

ஓடிக்கொண்டே இருந்து சுமையில் விழும் கணினிதான் எல்லாவற்றிலும் தந்திரமானது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் கெர்னல் பவர் 41 என்று இருக்கும். எதிர்பாராமல் அணைந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. பெட்டியில் அச்சிட்ட ராமின் வேகம் பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்கினால்தான் வரும், அதுவும் பிராசஸர் உத்தரவாதம் தரும் எல்லையைத் தாண்டியதாகவே பெரும்பாலும் இருக்கும். ஆகவே அதை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பது முதல் படி. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலைப் பென் டிரைவிலிருந்து ஓட்டினால் ஒரே ஒரு பிழையும் தோல்விதான். 'ஒன்றுதானே' என்று விடக் கூடாது. பெரிய கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரே கேபிளின் இரட்டை முனைகளைப் போடாமல் தனித்தனிக் கேபிள் இழுத்துப் பார்க்க வேண்டும். கூலரின் அடியில் பாதுகாப்பு பிளாஸ்டிக் தாள் உரிக்கப்படாமல் இருந்தால், பிராசஸர் சில நிமிடங்களில் கொதித்துத் தன்னை அணைத்துக்கொள்ளும்.

சில சமயம் பொருத்தியவர் மேல் தவறே இருக்காது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் பல, கேம்களில் கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்ற பிழையோடு விழுந்தன. பிழை கிராபிக்ஸ் கார்டைக் காட்டியது, குற்றவாளி பிராசஸர். அளவுக்கு மீறிய வோல்டேஜ் கேட்கும் மைக்ரோகோடால் பிராசஸர் நாளடைவில் பலவீனமாவதை 2024இல் இன்டெல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் பயாஸ் வழியே திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது. கார்டையும் ராமையும் மாற்றி மாற்றிப் பார்த்து அலுத்தவர்கள் அதற்குள் பலர். பிழைச் செய்தி எந்த இடத்தில் அடிபட்டது என்பதைச் சொல்லும், யார் அடித்தது என்பதைச் சொல்வதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

எல்லாச் சோதனைக்குப் பிறகும் ஒரு பாகம் செத்தது என்று உறுதியானால், கடைக்குக் கொண்டுபோகும்போது எந்தச் சோதனையில் என்ன விளைவு என்ற குறிப்பும் கூடப் போக வேண்டும்; 'ஓடல' என்ற ஒற்றைச் சொல்லோடு போகும் பாகம் அதே சொல்லோடு திரும்பி வரும். மதர்போர்டைத் திருப்புவதாக இருந்தால், கொடுப்பதற்கு முன் சாக்கெட் பின்களைத் தெளிவாகப் படமெடுத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் வளைந்த பின் உத்தரவாதத்தில் அடங்காது. புதிதாக வாங்கியபோது சாக்கெட்டை மூடியிருந்த பிளாஸ்டிக் மூடியைத் திரும்ப மாட்டியே அனுப்ப வேண்டும். அதனால் பூட்டும் நாளன்று அந்த மூடியைக் குப்பையில் போடாமல் போர்டின் பெட்டியிலேயே வைத்துவிடுவார்கள், விவரம் தெரிந்தவர்கள்.